நாலாம் மாடியின் ஆறு எல்லைகள்

மொன்றியல்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கும் சிவநேசம் மச்சாளுக்கும் சித்திரைப் பிறப்பு வாழ்த்துகள். நாங்கள் இருவரும் சுகம். போன கிழமை போனில் அரை மணித்தியாலம் கத்தினேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றதிலேயே ஒன்றும் கேட்கவில்லை என்று விளங்கிவிட்டது. ஆகவே பழையபடி கடிதம்.

நான் கத்திய செய்தி இதுதான்: வீடு வாங்கப் போகிறேன்.

நகரத்தின் நடுப்பகுதியில், மைல்-எண்டில், ஒரு காலத்தில் குளிர்கோட்டு தைத்த தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. தையல் நின்று முப்பது வருடம். கட்டடத்தை வீடுகளாகப் பிரித்துவிட்டார்கள். இப்படியான வீட்டை இங்கே லொஃப்ட் என்பார்கள். நான் பார்த்தது நாலாம் மாடி. உள்ளே அறை பிரிக்கும் சுவர் இல்லை. குளியலறைக்கு மட்டும்தான் கதவு. கூரை பதின்மூன்று அடி உயரம். யன்னல்கள் ஆறு: தெற்கே நாலு, கிழக்கே இரண்டு. ஒவ்வொன்றும் என்னைவிட உயரம்.

இருபத்தாறு வருடமாக பார்க்-எக்ஸில், பாதி நிலத்துக்குக் கீழே உள்ள வாடகை வீட்டில் இருக்கிறேன். யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். மகள் ஆர்த்திகா சின்னப்பிள்ளையாக இருந்தபோது சப்பாத்தைப் பார்த்தே அயலவரின் பெயர் சொல்வாள். கெட்டிக்காரி என்று சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

புவாண்ட்-கிளேர் கிடங்கில் பொதி கட்டுகிறவளாகச் சேர்ந்தேன். இப்போது இருப்பு முழுவதும் என் பொறுப்பு. வங்கியும் ஓம் என்றுவிட்டது. ஐம்பத்தாறு வயதில் இது பைத்தியமா என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

மச்சாளின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா?

உங்கள் தங்கை
மலர்


சண்டிலிப்பாய்
11 மே 2024

அன்புத் தங்கை சிவமலர் அறிவது,

அம்மன் துணையால் இங்கே குறைவில்லை. எண்ணெய் கிடைத்தது, மச்சாள் முழங்காலுக்குப் பூசாமல் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள், வெளிநாட்டுப் போத்தல் என்று. மச்சான் நகுலேஸ்வரனும் மருமகள் ஆர்த்திகாவும் சுகம் என்று நினைக்கிறேன். மச்சானின் சுகத்தைத் தனியாக எழுதவும்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கூரையின் உயரம் எழுதினாய். யன்னலை எண்ணி எழுதினாய். எல்லையை எழுதவில்லை. சுன்னாகத்தில், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு கந்தோரில் முப்பத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்த ஒருவனுக்கு, எல்லை இல்லாத வீட்டைப் பற்றி எழுதுகிறாய்.

கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு. நாலும் எழுதாமல் ஒரு உறுதிப் பத்திரமும் என் கையால் வெளியே போனதில்லை. உன்னுடையது அந்தரத்தில் இருக்கிறது. மேலே யார், கீழே யார்? உனக்கு நாலெல்லை போதாது, ஆறெல்லை வேண்டும். நடைபாதை, படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் எவருடைய உரித்து? இங்கே நாலு வீட்டுக்கு ஒரு கிணறு என்றால், ஆளுக்கு நாலில் ஒரு பங்கும் கிணற்றுக்குப் போகும் வழியும் என்று எழுதுவோம். அங்கே எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டறிந்து எழுதவும்.

இன்னொன்று. விற்கிறவனின் அடி எப்போதும் நீளம். நீயே அள.

பைத்தியமா என்று கேட்டாய். அளந்துவிட்டு எழுது, சொல்கிறேன்.

அன்பு அண்ணன்
அருமைராசா


மொன்றியல்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. நாங்கள் இருவரும் சுகம். இங்கே ஒரேயடியாக வெயில். எண்ணெய் பூசுவதற்குத்தான் அனுப்பினேன் என்று மச்சாளிடம் சொல்லவும்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில். மேலே ஐந்தாம் மாடியில் படம் கீறுகிற ஒரு பெண். கீழே மூன்றாம் மாடியில் பெரெய்ரா என்ற போர்த்துக்கேயக் கிழவர். நடை, படி, லிஃப்ட், குழாய் எல்லாம் பதினெட்டு உரிமையாளருக்கும் பொது. உங்கள் கிணற்றுப் பங்கு மாதிரியேதான். ஒவ்வொருவரின் பங்கையும் ஆயிரத்தில் இத்தனை என்று பின்னமாகப் போட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை அளவுநாடாவோடு போனேன். வீடு விற்கும் முகவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆர்த்திகா நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீங்கள் வீடு வாங்க வந்தனியளோ, வேலிச் சண்டைக்கு வந்தனியளோ?" என்றாள். "மாமாவிட்டைக் கேள்," என்றேன். "மாமா லிஃப்டிலயே ஏறினதில்லை!" என்றாள்.

விளம்பரத்தில் 980 சதுர அடி. என் நாடாவில் 968. பன்னிரண்டு அடிதான் குறைவு. இந்த ஊருக்கு அது நேர்மை என்கிறார்கள்.

கிழக்கு யன்னல் பக்கம் நிலத்தில் ஒரு கோடு இருக்கிறது. இந்தப் பக்கம் பழைய மேப்பிள் பலகை, அந்தப் பக்கம் சீமெந்து. ஏன் என்று கேட்டேன். "அழகுக்கு," என்றார் முகவர்.

மலர்


சண்டிலிப்பாய்
6 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

நலமே, உங்கள் மூவரின் நலமும் வேண்டுகிறேன். மச்சானின் சுகம் பற்றிப் போன கடிதத்திலும் கேட்டிருந்தேன்.

அழகுக்கு ஒருவரும் நிலத்தில் கோடு போடுவதில்லை.

வேலி ஒரே நாளில் நகராது. முதலில் வேலிக்கு நட்ட பூவரசங் கதியால் ஒன்று அரை அடி தள்ளி முளைக்கும். அடுத்த வருடம் கிடுகு மாற்றும்போது வேலி அந்தக் கதியாலோடு போகும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பக்கத்து வீட்டு மாமரம் இந்த வளவுக்குள் நிற்கும். இப்படி எத்தனை வழக்கு எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. நிலத்தில் தெரிகிற தழும்பைத்தான் முதலில் பார்ப்போம்.

அந்த இடத்தில் முன்பு சுவர் இருந்திருக்கிறது. சுவரை எடுத்தது யார், எவருடைய அனுமதியோடு? அரசாங்கத்தில் பதிந்த வரைபடத்தை எடுத்து, உன் 968 அதில் இருக்கிறதா என்று பார். இது தெரியாமல் ஒரு தாளிலும் கையெழுத்து வையாதே. முகவர் அவசரப்படுத்தினால் உனக்கும் காது கேட்காது என்று சொல்லு.

அருமைராசா


மொன்றியல்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணை,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே வேலைக்கு அரை நாள் லீவு போட்டேன்.

இங்கேயும் வீடு வாங்க நொத்தாரிசுதான் உறுதி எழுத வேண்டும். கனடாவில் மற்ற மாகாணங்களில் அப்படி இல்லையாம். என்னுடைய நொத்தாரிசு மிஷேல் என்ற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கிழக்கெல்லை எது என்று கேட்டேன். சிரித்தாள். "மேடம், இது தோட்டக்காணி இல்லை," என்றாள். அண்ணன் கேட்கச் சொன்னார், அவரும் நொத்தாரிசு கந்தோர்தான் என்றேன். மரியாதைக்காகக் கணினியில் வரைபடத்தைத் திறந்தாள். பிறகு சிரிக்கவில்லை. விற்பவர் கொடுத்த அளவையாளர் சான்றிதழை எடுத்தாள். இருபத்திரண்டு வருடம் பழையது. வரைபடத்தில் வீடு 752 சதுர அடி.

கிழக்கே ஒன்பது அடி அகலம், இருபத்துநாலு அடி நீளம். அந்த 216 சதுர அடியும் பொது நடை. பழைய சாமான் லிஃப்ட் அங்கேதான் வந்து நின்றதாம். லிஃப்டைக் கழற்றிய பிறகு அந்த நடைக்கு வேலை இல்லை. விற்பவர் ஒரு கோடை விடுமுறையில் சுவரை உடைத்து உள்ளே எடுத்துக்கொண்டார். கிழக்கு யன்னல் இரண்டும் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. விடியற்காலை வெயில் வருவது அந்த இரண்டாலும்தான். எனக்கு இந்த வீடு பிடித்ததே அந்த வெயிலுக்காக.

முகவர் சொன்னார், "எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள், பேசாமல் வாங்குங்கள்." மிஷேல் சொன்னாள், "பேசாமல் வாங்கினால் என்றாவது ஒருநாள் சுவரைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள்." இரண்டு வழி இருக்கிறதாம். விட்டுவிட்டு வேறு வீடு பார்ப்பது. அல்லது அந்தத் துண்டு இந்த வீட்டின் பாவனைக்கே உரியது என்று உரிமையாளர் கூட்டம் வாக்களித்து எழுதித் தருவது. கூட்டம் செப்டம்பர் 26. வாங்க வந்தவள் என்ற முறையில் ஐந்து நிமிடம் பேச விடுவார்கள்.

கீழ்மாடிப் பெரெய்ரா எதிர்ப்பார் என்று இப்போதே சொல்கிறார்கள். அவர் இல்லை என்றால் இன்னும் நாலு பேர் இல்லை என்பார்களாம். நான் பிரெஞ்சில் பேச வேண்டும், அண்ணை. கிடங்கில் பெட்டி எண்ணுகிற பிரெஞ்சுதான் எனக்குத் தெரியும்.

மலர்


சண்டிலிப்பாய்
30 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் 216 சதுர அடி எங்கள் காணிக் கணக்கில் ஒன்றரைக் குழி, அவ்வளவுக்கு வேலி நகர்ந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஒருவரும் அளக்கவில்லை, நீ அளந்தாய். இதை மச்சாளுக்கு உரத்து வாசித்தேன். அவள் அன்றைக்கே எண்ணெய்ப் போத்தலைத் திறந்துவிட்டாள், சந்தோஷத்தில்.

கூட்டத்துக்கு என் புத்தி இதுதான். எதிர்க்கிறவனோடு வாதாடாதே. ஏன் எதிர்க்கிறாய் என்று முதலில் கேள். எங்களிடம் வந்த வேலி வழக்குகளில் பாதிக்கு மேல் வழி வழக்குதான். மனிதனுக்கு நிலத்தில் ஆசை இருக்காது. தான் நடந்த பாதையை அடைத்துவிட்டார்களே என்ற கோபம்தான் இருக்கும். பாதையைக் கொடு, நிலத்தைத் தருவான். கொடுப்பதை வாயால் கொடுக்காதே, எழுத்தில் கொடு.

இனி ஒரு கிளாக்கரின் கேள்வி. 2004 இல் உன் சீதன வீட்டை விற்றபோது, உனக்காகக் கையெழுத்து வைக்க நீ அனுப்பிய அற்றோணித் தத்துவத்தை வைத்து அந்த உறுதியை நான்தான் எழுதினேன். எங்கள் யாழ்ப்பாணச் சட்டமான தேசவழமைப்படி பெண் தன் காணியை விற்கப் புருஷனின் சம்மதம் வேண்டும். மச்சானின் சம்மதம் அதில் தனி வரியாக இருக்கிறது. இப்போது வாங்கும் உறுதியில் அவர் பெயர் எந்த வரியில் வருகிறது? இந்த மூன்று கடிதத்திலும் "வாங்கப் போகிறோம்" என்று நீ எழுதவில்லை. "வாங்கப் போகிறேன்" என்றே எழுதியிருக்கிறாய்.

வெற்றி உண்டாகுக.

அருமைராசா


மொன்றியல்
29 செப்டம்பர் 2024

அண்ணை,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் செய்தி: வென்றோம்.

கூட்டம் கட்டடத்தின் அடித்தளத்தில், பழைய கொதிகலன் அறையில். மடக்குக் கதிரைகள். பதினேழு பேர் வந்திருந்தார்கள். முதல் முக்கால் மணித்தியாலமும் சைக்கிள் எங்கே நிறுத்துவது என்ற சண்டை. பிறகு என் முறை. எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன், முதல் வரி வாசித்தேன், பெரெய்ரா கையை உயர்த்திவிட்டார். "அது பொது இடம். கொடுக்க முடியாது." நாலைந்து தலைகள் ஆடின.

தாளை மடித்து வைத்தேன். "மொன்சியூர் பெரெய்ரா, ஏன் என்று சொல்லுங்கள்," என்றேன்.

எழும்பி நின்று சொன்னார். அந்தத் துண்டின் மூலையில், கட்டடத்தின் அந்தப் பக்கத்துக்கான தண்ணீர் அடைப்பான் இருக்கிறது. 2011 இல் குழாய் வெடித்து அவர் கூரையால் தண்ணீர் கொட்டியது. மேலே ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். உரிமையாளர் வீட்டில் இல்லை, கதவைத் திறக்கத் திறப்பும் ஒருவரிடமும் இல்லை. அவருடைய மனைவியின் பியானோ மூன்று மணித்தியாலம் நனைந்தது. "அது முன்பு நடை. நான் நடந்து போய் மூடியிருப்பேன்," என்றார். பதின்மூன்று வருடத்தில் ஒருவரும் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லையாம்.

"திறப்பு ஒன்று உங்களிடம் இருக்கும்," என்றேன். "அடைப்பானுக்குப் போக இரவென்றும் பகலென்றும் இல்லை. அதை உறுதியில் எழுதுகிறேன். எனக்குப் பிறகு வருகிறவரும் தடுக்க முடியாது." என் பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்து வந்தது. கிழவர் திரும்பக் கதிரையில் அமர்ந்தார். "இதை யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்றார். யாழ்ப்பாணத்தில் என் அண்ணன் என்றேன். "அவர் வழக்கறிஞரா?" "இல்லை. கிளாக்கர்." "அதுதான்," என்றார், எல்லாம் விளங்கியதைப்போல.

பதினாறு பேர் ஓம், ஒருவர் இல்லை. இல்லை என்றவர் சைக்கிள் கோபத்தில் இருந்தவர். பெரெய்ரா இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கைதான் எண்ணப்படும் என்று சொல்லி இறக்க வைத்தார்கள்.

வெளியே வந்ததும் ஆர்த்திகா தெருவில் வைத்தே கட்டிப்பிடித்தாள். "அம்மா, வேலிச் சண்டையில வெண்டுட்டியள்!" என்று கத்தினாள். டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குள் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாங்கள் இருவரும் மிகவும் சுகம்.

மலர்


மொன்றியல்
10 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்தேன். மிஷேல் உறுதி முழுவதையும் உரத்து வாசித்தாள். இங்கேயும் அதுதான் வழக்கம். என் பெயருக்குப் பின்னால் இருந்த வரியை வாசிக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சரிதானே?" என்று கேட்டாள். சரி என்றேன்.

நீங்கள் ஆகஸ்டில் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்கு நான் பதில் எழுதவில்லை. உறுதியின் பிரதி இத்துடன் இருக்கிறது. பிரெஞ்சில் உள்ளதை நானே தமிழில் எழுதி இணைத்திருக்கிறேன். ஒரு வரியும் விடவில்லை.

தபாற்காரர் வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள் என்று பேச்சு. அதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.

மலர்


மொன்றியல்
19 ஜனவரி 2025

அண்ணை,

பொங்கல் நல்லபடி நடந்திருக்கும். நவம்பரில் அனுப்பிய தடித்த உறை கிடைத்ததா? இங்கே வேலைநிறுத்தம் ஒரு மாதம் நடந்து டிசம்பர் நடுவில் முடிந்தது. அதன் பிறகும் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் எடுத்தேன். மச்சாள் எடுத்து, அண்ணை வெளியே போய்விட்டார் என்றார். இரண்டு முறையும் அதையே சொன்னார்.

வீட்டில் குடிவந்துவிட்டேன். வெளியே கழிய இருபது பாகை குளிர். கிழக்கு யன்னல் இரண்டாலும் வெயில் வந்து சீமெந்தில் விழுகிறது. காலை எட்டரைக்கு அதில் வெறுங்காலோடு நிற்கலாம்.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள்.

மலர்


சண்டிலிப்பாய்
2 பெப்ரவரி 2025

அன்பான மச்சாள்,

இது நான், சிவநேசம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முழங்கால் இப்போது நல்ல சுகம்.

உன்னுடைய தடித்த உறை போன திங்கட்கிழமைதான் வந்தது. அதற்கு முன் உன் அண்ணர் தினமும் தபாற்கந்தோருக்குப் போய் வந்தார், நீ போன் எடுத்த நேரமும் அங்கேதான். உறை வந்ததும் மேசையில் வைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். ஓரிடத்தில் நிற்பாட்டிப்போட்டு விரலை அந்த வரியில் வைத்தபடி இருந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போனது. "என்னப்பா?" என்றேன். "பிள்ளை சரியாய் எழுதியிருக்கிறாள்," என்றார். அதற்குப் பிறகு மூன்று நாளும் அதையே எடுத்து எடுத்து வாசித்தார்.

நாலாம் நாள் கந்தோர்க் கடதாசி தேடினார். பரண் முழுக்கக் கவிழ்த்துவிட்டார். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், கிழிக்கிறார், எழுதுகிறார். நீ பயப்படாதே என்று சொல்லவே எழுதினேன்.

சிவநேசம்


சண்டிலிப்பாய்
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கை சிவமலர் அறிவது,

உங்கள் இருவரின் சுகத்தையும் வேண்டி எழுதுவது.

இருவர் என்று இன்றைக்குத்தான் நானும் எழுதுகிறேன். நீ ஏழு வருடமாக அப்படித்தான் எழுதி வந்தாய். மூன்று பேர் உள்ள வீட்டில் இருவர் சுகம் என்றால் ஒருவர் அங்கே இல்லை. ஒரு சொல்லுக்காக உறுதியைத் திருப்பி அனுப்புகிற வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். நீ பொய் எழுதவில்லை என்பதும் தெரியும். நீயாக எழுதட்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் மச்சானின் சுகம் கேட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன் என்று இப்போது விளங்குகிறது. அது உனக்குக் குத்தியிருக்கும்.

உன் மொழிபெயர்ப்பில் உள்ள வரியை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: "சிவமலர், கதிர்காமர் மகள், 2019 இல் விவாகரத்துத் தீர்ப்புப் பெற்றவர், அதன்பின் மறுமணம் செய்யாதவர் என்று தானே கூறுகிறார்." நல்ல வாசகம். தானே கூறுகிறார் என்பது எங்கள் உறுதிகளில் இல்லாத சொல்.

2004 இல் உன் சீதன உறுதி என் மேசைக்கு வந்தபோது, விற்கச் சம்மதமா என்று மச்சானிடம் போன் எடுத்துக் கேட்டேன். சட்டம் அதைத்தான் கேட்கச் சொன்னது. உனக்குச் சம்மதமா என்று நான் கேட்கவில்லை. போன் உன் பக்கத்தில்தான் இருந்தது. பெரெய்ராவிடம் நீ கேட்ட கேள்வியை என் சொந்தத் தங்கையிடம் நான் கேட்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க இருபத்தொரு வருடம் பிந்திவிட்டேன்.

பைத்தியமா என்று முதல் கடிதத்தில் கேட்டாய். அளந்த பிறகு சொல்கிறேன் என்றேன். பைத்தியம் இல்லை. உன் சம்மதம் ஒன்றை மட்டும் கேட்டு நீ செய்தது, அப்பாவும் நானும் சேர்ந்து செய்யாத காரியம்.

உறையில் எழுதிய பெயரைப் பார்த்திருப்பாய். இதுவரை திருமதி நகுலேஸ்வரன் என்று எழுதினேன். இந்த முறை சிவமலர் கதிர்காமர் என்று எழுதினேன். தபாற்கந்தோர்ப் பெடியன் "ஐயா, ஆள் மாறிப்போச்சோ?" என்றான். "இல்லையடா, இதுதான் ஆள்," என்றேன்.

உன் நொத்தாரிசு எழுதியது சட்டத்துக்குப் போதும். எனக்குப் போதாது. கந்தோர்க் கடதாசியில் கடைசித் தாள் ஒன்று கிடைத்தது. இது பதியப்படாத உறுதி. யன்னலுக்குப் பக்கத்தில் எங்காவது ஒட்டிவை.

மொன்றியல் மாநகரில் மைல்-எண்ட் என்னும் குறிச்சியில் முன்னாள் கோட்டுத் தொழிற்சாலையின் நாலாம் மாடியில் உள்ள வீடு, விஸ்தீரணம் ஆறரைக் குழிக்குச் சற்றுக் குறைவு. இதற்கு எல்லை: கிழக்கு, கட்டடத்தின் வெளிச்சுவரும் அதில் உள்ள இரண்டு யன்னல்களும். வடக்கு, பொது நடை. மேற்கு, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். தெற்கு, வெளிச்சுவரும் நாலு யன்னல்களும். மேல், படம் கீறும் பெண்ணின் தளம். கீழ், பெரெய்ராவின் கூரை. தண்ணீர் அடைப்பானுக்குப் போகும் வழி நீங்கலாக இந்த ஆறு எல்லைக்குள்ளும் அடங்கிய முழுவதும், காலையில் விழும் வெயில் உட்பட, கதிர்காமர் மகள் சிவமலருக்கே உரித்து. இதற்கு வேறெவருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை, தேவைப்படவுமில்லை.

எழுதி, வாசித்து, சரியெனக் கண்டவர்:
க. அருமைராசா
நொத்தாரிசு கிளாக்கர், ஓய்வு